முதல் மெட்டல் டிடெக்டர்: சஃபோக் வயல்களில் கற்றவை

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, எந்தக் கருவி மண்ணுக்குள் அதிக ஆழம் வரை காட்டும் என்பதைத்தான். அதற்கு முன்பே விடை காணவேண்டிய கேள்வி, அந்தக் கருவியை எந்த மண்ணின் மேல் பிடிக்கப்போகிறோம் என்பது. நான் இங்கிலாந்தின் கிழக்கில், சஃபோக் கவுண்டியில், இப்ஸ்விச் நகருக்கு அருகே வாழ்கிறேன். இங்கே உரியவர் இல்லாத நிலம் ஒரு சாண்கூடக் கிடையாது. வயல்களின் ஊடே செல்லும் பொதுப்பாதையில் நடப்பதற்கு மட்டுமே நமக்கு உரிமை உண்டு. அதே பாதையில் கருவியைப் பிடிக்க நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு தன் நிலங்களில் பொதுவாக இதை அனுமதிப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிய அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தமான அலைவாய்க் கரைகளில் தனியாக விண்ணப்பிக்காமல் தேடலாம் என்றாலும், எல்லாக் கடற்கரையும் அதன் கையில் இல்லை. ஆகவே கருவிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்பே, ஊருக்கு வடக்கே பயிர் செய்யும் ஒரு விவசாயிக்குக் கடிதம் எழுதினேன். நான் யார், எங்கே வசிக்கிறேன், பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறேன், தோண்டும் குழி ஒவ்வொன்றையும் மூடுவேன், கிடைப்பது எதுவானாலும் அவரிடம் காட்டுவேன் என்று அதில் தெளிவாகச் சொன்னேன். அவர் இசைந்தார், கோதுமை அறுவடைக்குப் பிறகு அடுத்த விதைப்பு வரை அரிதாள் நிற்கும் வயல்களில் தேடலாம் என்றும், கோடை வறட்சியில் மேய்ச்சல் நிலத்தில் தோண்டவேண்டாம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது நிபந்தனைக்கு நல்ல காரணம் இருக்கிறது: மண் காய்ந்திருக்கும்போது வெட்டிய புல் மீண்டும் வேர் பிடிக்காமல் கருகிவிடும்.

நிலம் தெரிந்தபிறகு கருவியைத் தேர்வது எளிதாகிவிட்டது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. அடியில் இருக்கும் வட்டத் தட்டை எல்லாரும் காயில் என்கிறார்கள். அதற்குள் ஒரு கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்து மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை திருப்பி உண்டாக்கும் மெல்லிய புலத்தை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. திரும்பி வருவது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து, அது இரும்பா, வெள்ளீயத் தகடா, வெள்ளியா என்று கருவி கணிக்கிறது. குறைந்த அதிர்வெண், வெள்ளி, செம்பு போன்ற நன்கு மின்கடத்தும் பெரிய பொருள்களை ஆழத்தில் காண உதவும். உயர்ந்த அதிர்வெண், மெல்லிய சிறு பொருள்களையும் சிறு தங்கத்தையும் நன்றாகப் பிடிக்கும். இங்கிலாந்தின் வயல்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கே ஒரு வெள்ளிப் பென்னியைப் பாதியாகவும் கால்துண்டாகவும் வெட்டித்தான் சில்லறையாகப் பயன்படுத்தினார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்தக் கால்துண்டு, மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஓடும் கருவியின் காதில் எளிதில் விழாது.

எளிய கருவிகளில் கேரட் என்ற நிறுவனத்தின் ஏஸ் வரிசை நீண்ட காலமாகப் பலருக்கும் முதல் கருவியாக இருந்து வந்திருக்கிறது. நான் எடுத்தது துருக்கி நிறுவனமான நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ். அது 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. சிறு பொருளுக்கும் பெரிய பொருளுக்கும் ஒருசேர ஈடுகொடுக்கும் நடுத்தரமான அதிர்வெண் அது. சஃபோக்கில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், கருவி முழுவதும் நீர் புகாதது என்பதும் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் மைன்லேப் எக்வினாக்ஸ், கம்பியில்லா எக்ஸ்பி டியூஸ் போன்றவை சிறந்தவைதான். ஆனால் அவற்றின் விலை அப்போது இரண்டு மூன்று மடங்காக இருந்தது. அவற்றில் உள்ள எத்தனையோ அமைப்புகளை எப்போது மாற்றவேண்டும் என்பதும் ஏற்கெனவே ஒரு கருவியின் ஒலியைக் கேட்டுப் பழகியவருக்குத்தான் விளங்கும். முதல் கருவிக்கு மெனு குறைவாக இருப்பது நன்மை என்பது என் உறுதியான கருத்து.

மிஞ்சிய பணத்தை நான் மூன்று பொருள்களுக்குச் செலவிட்டேன். முதலாவது பின்பாயிண்டர் எனப்படும் கைக்கோல். குழிக்குள் நீட்டினால், பொருளை நெருங்க நெருங்க அதிர்ந்து காட்டும். அது இல்லாமல் ஈரக் களிமண் கட்டிக்குள் ஒரு சட்டைப் பொத்தானைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதோடு, கண்ணால் தேடும்போது மண்வெட்டியின் முனை பொருளின் மேல் பட்டுவிடும் ஆபத்தும் அதிகம். இரண்டாவது, குறுகிய அலகு கொண்ட உறுதியான எஃகு மண்வெட்டி. தோட்டக் கடையில் விற்கும் சிறு கரண்டிகள் கோடையின் இறுகிய களிமண்ணில் வளைந்துபோகும். மூன்றாவது ஹெட்ஃபோன். ஆழத்தில் இருக்கும் பொருள் தரும் மங்கிய ஒலி, காற்றடிக்கும் வயலில் கருவியின் ஒலிபெருக்கியிலிருந்து காதை எட்டுவதில்லை. விலையுயர்ந்த கருவியை வெறுங்காதோடு பயன்படுத்துகிறவரைவிட, நடுத்தரக் கருவியை ஹெட்ஃபோனோடு பயன்படுத்துகிறவர் அதிகம் கேட்பார்.

வயலுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பல மாலைகளைச் செலவிட்டேன். கருவியைப் படுக்கவைத்து, காயிலுக்கு மேலே ஒவ்வொரு பொருளாக அசைத்து, உலோகத்தின் வகையைக் குறிக்கத் திரையில் வரும் எண்ணையும் காதில் விழும் ஒலியையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குள் கம்பி போட்ட சுவர்களும் மின்சாதனங்களும் இடைஞ்சல் செய்யும் என்பதால் இதைத் தோட்டத்து மர மேசையில் செய்வது நல்லது. இரும்பு ஆணி, அலுமினியத் தாள், பானக் கேனைத் திறக்கும் வளையம், இன்றைய பவுண்டுக் காசு, பழைய ஆறு பென்ஸ் காசு, ஈயக் குண்டு ஆகியவற்றோடு எங்கள் வீட்டு நகைகளையும் சோதித்தேன். அங்கேதான் எந்தக் கையேட்டிலும் படித்து உணரமுடியாதவற்றைக் கற்றேன். வெள்ளி என்றாலே உயர்ந்த எண் வரும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் என் மனைவியின் மெல்லிய மெட்டி, அதே வெள்ளியாலான காசைவிட மிகக் கீழே காட்டியது. மெட்டி முழுமையாக மூடாத வளையம் என்பதால் சுழல் மின்னோட்டம் வளையத்தைச் சுற்றி ஓடமுடிவதில்லை. தங்கத்தில் இன்னும் வியப்பு இருந்தது. முழுமையாக மூடிய மோதிரம் தெளிவாகக் கூவியது; ஆனால் கழுத்துச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையமாகவே கருவிக்குத் தெரிவதால், அதன் கொக்கி மட்டும்தான் மெலிதாகப் பதில் சொன்னது. கடற்கரையில் சங்கிலியைத் தொலைத்துவிட்டு உதவி கேட்கிறவர்களிடம், மோதிரத்தைக் கண்டுபிடிப்பதைப்போல் எளிதல்ல என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவதற்கு இதுவே காரணம். இங்கிலாந்தில் பரவலாக இருக்கும் 9 காரட் தங்கத்தில் பிற உலோகக் கலப்பு மிகுதி. அதனால் நம் 22 காரட் நகையைவிட அதன் கடத்துதிறன் குறைவு, எண்ணும் கீழே போகிறது. இவை எல்லாவற்றிலிருந்தும் தெரிந்த ஒன்று முக்கியமானது: தங்க மோதிரங்களின் எண்களும் கேன் வளையங்களின் எண்களும் ஒரே இடத்தில்தான் விழுகின்றன. கேன் வளையங்களைத் தவிர்க்கிறேன் என்று அந்த எண்களை ஒதுக்கிவைக்கிறவர், தங்கத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறார்.

வயலில் கருவியை இயக்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை நிலச் சமன். எல்லா மண்ணிலும் ஓரளவு இரும்புத் தாதுக்கள் இருக்கும். அவையும் காயிலுக்குப் பதில் சொல்லும். உலோகம் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து, அதற்குரிய பொத்தானை அழுத்திக்கொண்டே காயிலைத் தரைக்கு மேல் மெல்ல ஏற்றி இறக்கினால், மண்ணின் குரல் அடங்குமாறு கருவி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வயலின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது மண் மாறினால் மீண்டும் செய்யவேண்டும். அடுத்தது உணர்திறன். அதை உச்சியில் வைத்தால் ஆழம் கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் உச்சியில் வைக்கப்பட்ட கருவி மண்ணுக்கும் மின்கம்பிக்கும் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கும் சேர்ந்து கத்தத் தொடங்குகிறது, அந்த இரைச்சலில் மெல்லிய ஒலிகள் மறைந்துபோகின்றன. கருவி அமைதியாகும் வரை உணர்திறனைக் குறைத்து, அங்கிருந்து தேடத் தொடங்குவதே சரி. நான் தேடும் வயலின் ஒரு மூலையில் உயர்மின் கம்பி போகிறது. அங்கே உணர்திறனைப் பாதியாக இறக்கினாலும் அந்த மூலை ஏராளமாகத் தந்திருக்கிறது.

காயிலை வீசும் முறையை யாராவது அருகில் நின்று பார்த்துச் சொன்னால் நல்லது. தரைக்கு ஓரிரு விரற்கடை மேலே, தரைக்கு இணையாக, வீச்சின் இரு முனைகளிலும் மேலே எழும்பாமல், ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதியாவது படியுமாறு போகவேண்டும். இன்றைய காயில்கள் பலவற்றில் காந்தப்புலம் நடுக்கோட்டின் வழியே ஒரு கத்தியலகுபோல் மண்ணுக்குள் இறங்குகிறது. ஆகவே வீச்சுக்கு வீச்சு ஓர் அடி தாண்டிப் போகிறவர், நிலத்தில் பெரும் பகுதியைத் தொடாமலேயே கடந்துவிடுகிறார். அகலமான வயலைப் பார்த்ததும் வேகமாக நடக்கத் தோன்றும். நான் நான்கு குச்சிகளை நட்டு, சிறு சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வடக்கு தெற்காக ஒருமுறையும் கிழக்கு மேற்காக ஒருமுறையும் போகிறேன். இரண்டாவது திசையில் போகும்போதுதான், ஆணியின் மறைவில் கிடந்த காசு குரல் கொடுக்கிறது.

இந்த மறைவு என்பதை ஒவ்வொரு புதியவரும் நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டும். பழைய வீடு இருந்த இடத்தில் ஆணிகள் நிறைந்திருக்கும். கருவி இரும்பை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், இரும்பின் மேல் காயில் போகும்போது ஒலி எழாது. அந்த ஊமைக் கணத்துக்குள் பக்கத்தில் இருக்கும் நல்ல பொருளும் சேர்ந்து ஊமையாகிவிடும். இதற்கு மாற்று, இரும்பையும் ஒரு தாழ்ந்த முனகலாகக் கேட்டுக்கொண்டே போவது. முனகல்களுக்கு நடுவே ஒரு கூர்மையான கீச்சொலி கேட்டால் நின்று, காயிலைக் குறுகலாக, விரைவாக அசைத்துப் பார்க்கவேண்டும். பிறகு நாம் கால்பாகம் சுற்றி நின்று மீண்டும் அசைத்துப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஒரே எண்ணும் ஒரே ஒலியும் வந்தால் தோண்டத் தகுந்தது. ஒரு பக்கம் உயர்ந்த ஒலியும் மறுபக்கம் முனகலும் வந்தால் பெரும்பாலும் அது வளைந்த பெரிய இரும்பு. ஏர்க்கொழுவின் துண்டோ குதிரை லாடமோ அப்படித்தான் ஏமாற்றும். ஆனாலும் முதல் பருவத்தில் இந்தச் சந்தேக ஒலிகளையும் தோண்டிப் பார்க்கவேண்டும் என்றே சொல்வேன். ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு கைக்குள் வந்து விழுந்த பொருள்களால்தான் காதில் பதியும்.

தோண்டுவதில் மேய்ச்சல் நிலத்துக்கும் உழவு நிலத்துக்கும் முறை வேறு. புல்தரையில் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல்போல் விட்டு, புல்லை வேரோடு திருப்பவேண்டும். எடுத்த மண்ணை ஒரு துணியின் மேல் போட்டு, பொருள் கிடைத்ததும் மண்ணைத் திருப்பிக் கொட்டி, புல்லைக் கவிழ்த்து மிதித்துவிட்டால் இடம் தெரியாது. உழவு நிலத்தில் இந்தக் கவலை இல்லை. ஆனால் ஆழத்தில் ஒரு வரம்பு உண்டு. ஏர் போகும் மண் ஏற்கெனவே பலமுறை புரண்ட மண். அதற்குக் கீழே இருப்பது பழைய காலத்தில் எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடக்கிறது. நிறம் மாறிய, இறுகிய அந்த அடுக்குக்குள் ஒலி தொடர்ந்து போனால் தோண்டுவதை நிறுத்திவிடவேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் இந்தப் பகுதிக்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் சஃபோக் முழுவதும் விமானத்தளங்கள் இருந்தன. தோட்டா உறைகள் சாதாரணமாகக் கிடைக்கும். வெடிக்காத குண்டுபோல் எது தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டு, இடத்தைக் குறித்துவைத்து, போலீசை அழைக்கவேண்டும். இராணுவ விமானம் விழுந்த இடம் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. உரிமம் இல்லாமல் அதைக் கிளறக்கூடாது.

என் வயல்கள் தந்தவற்றில் பெரும்பகுதி பொத்தான்கள், ஈயக் குண்டுகள், கொக்கிகள், உடைந்த ஏர்ப் பகுதிகள், விக்டோரியா காலத்துப் பென்னிகள். சிறு காசுகளில் ஆண்டைப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது: 1920-க்கு முந்தைய ஆறு பென்ஸ் 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் வெள்ளியே இல்லாத செம்பு நிக்கல். ஒருமுறை, நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியச் செப்புக் காசு ஒன்று கிடைத்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன என்பது நினைவுக்கு வந்து, அதை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். வீட்டில் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் நம் பழக்கத்தை இந்தக் காசுகளிடம் ஒருபோதும் காட்டக்கூடாது. எழுத்தும் உருவமும் பல சமயம் செம்பின் மேல் படிந்த பச்சைப் படலத்தில்தான் நிலைத்திருக்கின்றன. அமிலம் பட்டால் படலத்தோடு அவையும் போய்விடும். மண் போக மெதுவாக நீரில் அலசி, காயவைத்தால் போதும்.

பொருளைவிட அது கிடைத்த இடம் பெரியது என்பதை நான் முழு மனத்தோடு நம்புகிறேன். ஒவ்வொரு பழம்பொருளையும் தனிப்பையில் போட்டு, கைப்பேசி தரும் வரைபடக் குறியீட்டை அந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். பிறகு அவற்றை போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற பதிவுத் திட்டத்தின் அலுவலரிடம் காட்டுகிறேன். பிரிட்டிஷ் மியூசியமும் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகமும் நடத்தும் இந்தத் திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பதிவு செய்தபின் சாதாரணப் பொருள்கள் திரும்பக் கிடைத்துவிடும். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வருபவை வேறு: 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள அணிகலன் போன்றவையும், ஒரே இடத்தில் கிடைத்த அத்தகைய காசுகள் இரண்டோ மேலோ இருந்தால் அவையும், 14 நாளுக்குள் கொரனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால், வழங்கும் வெகுமதி வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சரிபாதியாகப் பிரியும்.

இதன் அருமையை விளக்க எங்கள் கவுண்டியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1992 நவம்பரில், ஹாக்ஸன் கிராமத்தில், ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரப் போன எரிக் லாஸ் என்பவரின் கருவி, ரோமானியர் காலப் பெரும் புதையல் ஒன்றின் மேல் ஒலித்தது. சில பொருள்களை எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தி, செய்தியைத் தெரிவித்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். அதனால்தான் 15,000 அளவிலான அந்தக் காசுகளும் வெள்ளிப் பொருள்களும் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கிவைக்கப்பட்டிருந்தன, உள்ளே இருந்த சிறு பெட்டிகளுக்குச் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகள் போடப்பட்டிருந்தன என்பதெல்லாம் இன்று தெரிகிறது. அந்தப் புதையலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருக்கின்றன. ரோமானிய உலகம் அறிந்த மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அவற்றைப் பார்க்கப் போகிற தமிழர்கள், அதே புதையலோடு அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த அந்தச் சுத்தியலையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

ஊருக்குப் போகும்போது ஒரு கருவியைக் கொண்டுவரச் சொல்லும் உறவினர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். கண்டெடுத்தவர் பொருளைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவுசெய்ய இங்கிலாந்தில் இருப்பதுபோன்ற ஏற்பாடு இல்லாத இடத்தில் கருவியை மட்டும் கொண்டுபோவது, தொல்லிடங்களுக்குத் தீங்காகவே முடியும்.

கருவியைப் பொறுத்தவரை எனக்கு இப்போது எஞ்சியிருக்கும் குறை, கடற்கரையின் ஈர மணல். உலர்ந்த மணலில் சிம்ப்ளெக்ஸ் அமைதியாக வேலை செய்கிறது. அலை நனைத்த மணலில் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் கருவி அதையே உலோகமாக எடுத்துக்கொண்டு ஓயாமல் முனகுகிறது. உணர்திறனைக் குறைத்துச் சமாளிக்கலாம், ஆழம் போய்விடும். மோதிரம் தொலைத்தவர்களுக்கு உதவுவது இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியாகிவிட்டதால், அடுத்த விதைப்புக் காலத்தில் வயல்கள் மூடியபிறகு, பல அதிர்வெண்களில் ஒருசேர இயங்கும் பழைய கருவி ஒன்றை வாங்கவிருக்கிறேன். வாங்குவதற்கு முன், விற்பவரோடு ஃபீலிக்ஸ்டோவ் கரையில் இறங்கி, ஈர மணலின் மேல் அதை அரைமணி நேரமாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். காயிலின் இணைப்புக் கம்பியில் கீறல் இருக்கிறதா, மின்கலம் ஒரு முழு நாள் தாங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவேன்.